விளக்குமாடத்தின் அறுபத்தெட்டு கண்ணாடிகள்

1957-ஆம் வருஷம் ஜூன் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிஷம். தூறல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடையின் பலகை தெரியாத அளவுக்கு மூடுபனி. பீர்மேட்டுக்கு வர வேண்டிய கோட்டயம் பஸ் அன்று ஒரு மணி பத்து நிமிஷம் தாமதம். அதிலிருந்து என் அண்ணன் ஒரு தகரப்பெட்டி, ஒரு ஜமுக்காளச் சுருள், ஒரு குடை என்று மூன்று சாமான்களோடு இறங்கினார்.

"இந்தப் புகைக்குள்ள எப்படிடே மூச்சு விடுதீங்க?" என்றார். அதுதான் முதல் பேச்சு.

"புகை இல்ல அண்ணாச்சி, பனி."

"எதுவானா என்ன. நாலு அடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலியே."

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். கடற்கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தின் கலங்கரை விளக்கத்தில், அங்கே விளக்குமாடம் என்பார்கள், முப்பத்தோரு வருஷம் விளக்குக்காரராக இருந்தவர். அந்த ஊர்ப் பேரை எழுத எனக்கு விருப்பமில்லை. அண்ணி செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது. நான் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் எண்பத்தைந்து ரூபாய். ஸ்டாஃப் லைனில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் நான், மனைவி, இரண்டு பெண்கள். அண்ணன் வந்ததும் ஐந்து பேர்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். துறைமுகத்துக்குக் கப்பல் வருவது நின்றுபோயிருந்தது. கயிறும் மிளகும் பெரிய துறைமுகம் வழியாகப் போக ஆரம்பித்துவிட்டன. சித்திரையோடு விளக்கை அணைத்துவிட்டார்கள். கரையில் ஓர் இரும்புக் கம்பம் நட்டு, தானாக எரிந்து தானாக அணையும் காஸ் விளக்கு ஒன்றை மாட்டியாகிவிட்டது. அதற்கு ஆள் வேண்டாம். கோபுரத்து உச்சியில் இருந்த செம்புத் தகடு, பித்தளைக் கம்பிகள், விளக்கைச் சுற்றி நிற்கும் கண்ணாடிக் கூடு எல்லாம் எடை போட்டு ஏலத்தில் போயின. எடுத்தவர் பாலக்காட்டில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு ராவுத்தர். ஓணம் கழிந்ததும் கோபுரத்தை இடித்துக் கல்லைக் கடல்சுவருக்குப் போட வேண்டும் என்று உத்தரவும் வந்துவிட்டது.

போர்ட் ஆபீசர் நல்ல மனிதர் என்றார் அண்ணன். அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். அந்தக் கண்ணாடிக் கூடு திரும்பி வந்து, பழைய இடத்தில் பொருத்தி, எரித்துக் காட்டினால், மீன்பிடி வள்ளங்களுக்காகக் கோபுரம் இருக்கட்டும் என்று அவர் மேலே எழுதுவார். கோபுரத்தடியில் உள்ள குவார்ட்டர்ஸில் காவல்காரராக அண்ணனே இருந்துகொள்ளலாம், சாகும்வரை. ஆனால் கூட்டைத் திரும்ப வாங்க சர்க்காரிடம் பணம் கிடையாது. ஓணம் வரைதான் கெடு.

"கூடு வந்தா எனக்கு வீடு உண்டு" என்றார் அண்ணன். "வரலைன்னா ஒன் வீட்டுல ஒரு மூலைதான்."

கண்ணாடிக் கூடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். விளக்கின் சுடரை எல்லாப் பக்கமும் சிதற விடாமல், மடக்கி, கடல்மட்டத்துக்கு நேராக ஒரே பட்டையாக அனுப்புவது அது. நான்கு பித்தளைச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் வளைந்த கண்ணாடிப் பட்டைகள் பதினேழு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில். மொத்தம் அறுபத்தெட்டு. மண்ணெண்ணெய்த் திரிதான் எரியும். ஆனால் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் வள்ளத்தில் இருப்பவன் அதைப் பார்ப்பான்.

ஜூன் மாதச் சம்பளக் கணக்கு முடியும்வரை எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த மூன்று வாரமும் அண்ணன் எங்கள் லைனில் இருந்த விதத்தை என்னவென்று சொல்வது. பகலில் தூங்கினார். மூடுபனி இறங்கினால் மூச்சு இழுத்தது. மாலை ஆறு மணி ஆனால் போதும், யாரும் கேட்காமலே எங்கள் அரிக்கேன் விளக்குகள் மூன்றையும் எடுத்துத் திரி கத்தரித்து, சிம்னி துடைத்து, ஏற்றிவிடுவார். பிறகு அடுத்த வீட்டு விளக்கு. அதற்கடுத்த வீடு. லைனில் எட்டு வீடு. ஆறு வீட்டில் சும்மா இருந்தார்கள். டீமேக்கர் மட்டும் ஒருநாள் என்னை வழிமறித்தார். டீமேக்கர் என்றால் தேயிலை ஃபாக்டரியை நடத்துகிறவர். மதுரைப் பக்கத்துக்காரர். வாய் நிற்காது.

"ஏங்க கணக்கு, உங்க அண்ணாச்சி வந்ததில இருந்து எங்க வீட்டு விளக்கு ராத்திரி முழுக்க எரியுது. பொண்டாட்டி தூங்க மாட்டேங்கிறா. எங்க அடுப்பங்கரைக்குக் கப்பல் ஏதும் வருதா?"

"சொல்லி வைக்கிறேன்" என்றேன். சொல்லவில்லை. என்னவென்று சொல்வது.

என் மனைவி அண்ணனோடு நேராகப் பேசமாட்டாள். மூத்தவர் என்ற மரியாதை. அவர் காதில் விழும்படி பாத்திரத்தோடு பேசுவாள். "காலைல தூங்குற ஆளுக்குக் காபி எப்ப போட, சாயங்காலமா?" என்று தவலையைக் கேட்பாள். அண்ணன், "சாயங்காலமே போடச் சொல்லுடே" என்று என்னிடம் சொல்வார். நடுவில் நான் ஒரு தந்திக் கம்பம். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. துணி மாற்ற ஓர் அறை வேண்டும்.

ஜூலை நான்காம் தேதி கிளம்பினேன். கோட்டயம் வரை பஸ், அங்கிருந்து எர்ணாகுளத்துக்குப் புதிதாக ஓட ஆரம்பித்திருந்த ரயில், பிறகு ஷொர்ணூர், ஒலவக்கோடு. போகவர பதினான்கு ரூபாய் முப்பத்தைந்து நயா பைசா. நயா பைசா வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கண்டக்டர்கள் அணாவுக்கும் பைசாவுக்கும் நடுவில் எத்தனை பேரை ஏமாற்றினார்களோ. என்னை ஏமாற்ற முடியவில்லை.

கிளம்பும்போது அண்ணன் பஸ் ஸ்டாப் வரை வந்தார்.

"எண்ணிப் பாரு. அறுபத்தெட்டு இருக்கணும். துணியைத் தவிர வேற ஒண்ணும் கண்ணாடியில படக்கூடாதுன்னு சொல்லு. கை கூடப் படக்கூடாது. கை ரேகை பட்டா வெளிச்சம் மங்கிரும்."

"சொல்லுதேன்."

"ரெண்டு தடவை சொல்லு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் போய்ச் சேர்ந்தபோது கடை தொழுகைக்காகச் சாத்தியிருந்தது. இரண்டேகால் மணிக்குத்தான் ராவுத்தர் வந்தார். அறுபது வயதிருக்கும். பருத்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, கைவிரல் நுனிகளில் என்றைக்கும் போகாத பித்தளைப் பச்சை. கூட்டுக்காக வந்திருக்கிறேன் என்றதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அந்தக் கண்ணாடிக்குங்களா? வாங்க, உட்காருங்க. அதை வாங்கி நான் பட்ட பாட்டைக் கேளுங்க. எடைக்கு எடுத்தேன். கொண்டாந்து பார்த்தா பாதி கண்ணாடி. கண்ணாடிய ஆரு வாங்குவா? உடைச்சுப் போட்டுட்டுப் பித்தளைய உருக்கலாம்னு சம்மட்டிய எடுத்தா, ஊட்டுக்காரி வந்து குறுக்கால நின்னுட்டா. வெயில் பட்டா செவுத்துல வானவில்லு உழுதாமா. பேரனுக அதைப் பிடிக்கறேன்னு சுண்ணாம்பெல்லாம் சுரண்டி வெச்சிருக்கானுக. ராவுத்தர் இப்ப பித்தளை வியாபாரமா வானவில்லு வியாபாரமான்னு கடைவீதியே சிரிக்குது போங்க."

பின்கட்டுக்கு அழைத்துப் போனார். நான்கு சட்டங்களும் சுவரோரம் சாக்கின்மேல் நின்றன. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். அறுபத்தெட்டு. இரண்டில் ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அது அண்ணன் காலத்துக்கு முந்தியது என்று அவரே சொல்லியிருந்தார். வேறு பழுது இல்லை. பித்தளை மட்டும் உப்புக்காற்றில் கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். கோபுரம், ஓணக் கெடு, அண்ணனுக்கு வீடு. ராவுத்தர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"நூத்திப் பன்னண்டு ரூபாய்க்கு எடுத்தேன். அதையே குடுங்க. மேல ஒரு காசு வேண்டாம். நாலு பேருக்கு வெளிச்சம் காட்டற சாமான்ல லாபம் பார்த்தா ஊடு வெளங்காதுங்க."

"கண்ணாடியை யாரும் தொடக்கூடாது. அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்."

"தொட மாட்டாங்க."

"கை படக்கூடாது."

"படாதுங்க. பித்தளைய மட்டும் பார்த்து, பொட்டி அடிச்சு, வைக்கோல் வெச்சுத் தர்றேன். பன்னண்டு நாள் கழிச்சு வாங்க. எப்படிக் கறுத்துக் கிடக்குது பாருங்க. எங்க அத்தா காலத்துல இருந்து இந்தக் கடைய விட்டு ஒரு சாமான் கறுப்பா வெளிய போனதில்லீங்க."

பணத்தைக் கொடுத்தேன். அது நான் எடுத்து வைத்த பணம் இல்லை. பெரிய பெண்ணுக்குத் தோடு வாங்கவென்று மனைவி சேர்த்து வைத்திருந்தது. அவளே எடுத்துத் தந்தாள். காரணம் எனக்குத் தெரியும். அண்ணன் போனால் ஓர் அறை திரும்பி வரும்.

பன்னிரண்டு நாளில் போக முடியவில்லை. மழையில் ரோடு சரிந்து ஒன்பது நாள் பஸ் இல்லை. ஜூலை இருபத்தைந்தாம் தேதிதான் அண்ணனும் நானும் கிளம்பினோம். அண்ணன் ரயிலில் தூங்கவில்லை. புதுத் திரிக்கு எங்கே சொல்வது, குவார்ட்டர்ஸ் கூரையில் எத்தனை ஓடு மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

ராவுத்தர் பெட்டிகளை இன்னும் ஆணியடித்து மூடவில்லை. வைக்கோலை விலக்கிக் காட்டினார். நான் அப்படியொரு பித்தளையைப் பார்த்ததில்லை. கோயில் குத்துவிளக்குகூட அவ்வளவு பளபளப்பு இருக்காது. கண்ணாடிகள் கழுவிவிட்ட மாதிரி இருந்தன. அண்ணன் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"வே, புதுசா வந்தப்பவே இப்படி இருந்திருக்காது" என்றார் ராவுத்தரிடம்.

ராவுத்தருக்கு முகமெல்லாம் பல். "ரெண்டு ஆளு, நாலு நாள் வேலைங்க பெரியவரே. கூலி உங்ககிட்ட வாங்கப் போறதில்ல."

அண்ணன் சட்டத்தைச் சாய்த்துப் பார்க்கத் தூக்கினார். உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம். மேலிருந்து நான்காவது கண்ணாடி ஓரமாகச் சரிந்து, அடுத்த கண்ணாடிமேல் சாய்ந்து நின்றது. அண்ணன் சட்டத்தை மெதுவாகக் கீழே வைத்தார். கண்ணாடிக்கும் பித்தளைக்கும் நடுவில் இருந்த லப்பத்தை நகத்தால் தொட்டார். சிவப்பு ஈயப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பூசிய லப்பம். கல்மாதிரி இருக்க வேண்டியது. களிமண்ணாக நகத்தோடு வந்தது.

"எதுல போட்டீரு?" என்றார்.

"கை படலீங்க. ஒருத்தன் கை படல. கண்ணாடிமேல துணி சுத்தித்தான் பித்தளைக்குச் செங்கப்பொடி போட்டுத் தேச்சாங்க."

"தேய்க்கதுக்கு முந்தி?"

"முந்தி தொட்டியில எறக்கி வெச்சோம். ரெண்டு நாள். புளித்தொட்டிதானுங்க. பித்தளைய வேற எதுல போடுவாங்க?"

பாலக்காட்டில் எந்தப் பித்தளைக் கடைக்கும் பின்னால் அப்படி ஒரு தொட்டி இருக்கும். பழம்புளி கரைத்த தண்ணீர். அண்டா, குடம், விளக்கு எதுவானாலும் அதில் ஊறித்தான் கறுப்பு விட வேண்டும். கண்ணாடியைத் தொடாதே என்றால் அவர்கள் தொடவில்லை. சட்டத்தோடு சேர்த்துப் புளியில் இறக்கி வைத்துவிட்டார்கள். பித்தளையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது தொடுவதாகவே தோன்றியிருக்காது. லப்பம் என்று ஒன்று அந்தக் கூட்டில் இருப்பதே அவருக்குத் தெரியாது. கடற்கரையிலேயே இருந்த அண்ணனுக்குப் புளித்தொட்டி என்று ஒன்று இருப்பது தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது.

அண்ணன் விவரத்தை மெதுவாகச் சொன்னார். சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளம், அதைக் காடி என்பார்கள், கண்ணாடியைவிடக் கொஞ்சம் அகலம். ஒவ்வொரு கண்ணாடியும் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்பதைச் செய்தவன் வெளிச்சம் வைத்துப் பார்த்து லப்பத்தில் நிறுத்தியிருக்கிறான். லப்பம் போனால் அந்தச் சாய்வும் போயிற்று. ராவுத்தர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய் நூற்றுப் பன்னிரண்டு ரூபாயை எடுத்து வந்து பெட்டிமேல் வைத்தார்.

"எடுத்து உள்ள வையும்" என்றார் அண்ணன். "நீரு உம்ம தொழில ஒழுங்காத்தான் செஞ்சீரு. நான் ஒண்ணும் குறை சொல்லல."

"குறை சொல்லுங்க பெரியவரே. நாலு வார்த்தை வெய்யுங்க. வெஞ்சாத்தான் எனக்கு இன்னைக்குச் சோறு எறங்கும்."

அண்ணன் வையவில்லை. பணத்தையும் வாங்கவில்லை. நான் வாங்கியிருப்பேன். பெட்டிக்கும் வைக்கோலுக்கும் கூலியாட்களுக்கும் பதினொன்றரை ரூபாய் ஆனது. அதை ராவுத்தர் தானே கொடுக்கப் பார்த்தார். அண்ணன் அதற்கும் சம்மதிக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

பெட்டிகளை அப்படியே பீர்மேட்டுக்குக் கொண்டுவந்தோம். ரயில் பிரேக்வேனிலும் பஸ் கூரையிலுமாகப் பதினேழேகால் ரூபாய் சுமைக்கூலி. ஒவ்வொரு வளைவிலும் கூரையில் கண்ணாடி கண்ணாடியோடு இடிக்கும் சத்தத்தை அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார். மற்ற யாருக்கும் கேட்டிருக்காது. வீட்டில் திறந்து பார்த்தபோது நாற்பத்தொன்று கழன்றிருந்தன. உடைந்தது ஒன்றுமில்லை. மீதி இருபத்தேழையும் அவரே கழற்றினார். கையால் இழுத்ததும் வந்தன.

மறுபடி பதிக்கலாம் என்றார். கோட்டயத்திலிருந்து ஈயப் பொடியும் எண்ணெயும் வரவழைத்தேன். ஆறு ரூபாய் நாற்பது. ஆனால் ஜூலை மாத பீர்மேட்டில் லப்பம் எங்கே காயும். துவைத்த துணியே நான்கு நாள் காய்கிறது. கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற ஃபாக்டரி மாடியில் மட்டும் எப்போதும் சூடுகாற்று ஓடும். டீமேக்கரிடம் போய் நின்றேன்.

"கணக்கு, நீங்க என்ன கேக்கறீங்கன்னு தெரியுதா? தேயிலையில எண்ணெய் வாடை ஏறினா கொச்சியில ருசி பாக்கிறவன் ஒரே வாயில துப்பிருவான். என் சீட்டுக் கிழிஞ்சுரும்."

"ஓரத்தில் வைத்துக்கொள்கிறோம்."

"எத்தனை நாளைக்கு?"

"மூன்று வாரம்."

மாடிப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தாளு கப்பலுக்குப் போயிட்டா என் வீட்டு விளக்கு தப்பிக்கும். கோடி ஜன்னல்கிட்ட வச்சுக்கங்க. துரை வந்தா நான் பாக்கவே இல்ல."

இருபத்தொரு நாள் அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். மாடியின் சூட்டில் அவருக்கு மூச்சு இழுக்கவில்லை என்பது ஒன்றுதான் அந்த மாதத்தில் நடந்த நல்ல காரியம். ஒவ்வொரு கண்ணாடியாக வைத்து, நூல் பிடித்து, பழைய லப்பத்தின் கறை காடியில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, மூங்கில் சிம்பைச் செருகிச் சாய்வை நிறுத்தி, லப்பம் பூசினார். புளி அந்தக் கறையையும் பாதிக்குமேல் தின்றிருந்தது. நான் ஆபீஸ் விட்டதும் போய் எத்தனை முடிந்தது என்று எண்ணுவேன். ஒருநாள் ஐந்து, ஒருநாள் இரண்டு, ஒருநாள் மைனஸ் மூன்று. முந்தினநாள் வைத்ததைப் பிடுங்கியிருப்பார்.

ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு எரித்துப் பார்த்தோம். டீமேக்கர் தன் பெட்ரோமாக்ஸைத் தந்தார். மண்ணெண்ணெய் என்னுடையது, அறுபத்திரண்டு நயா பைசா. சட்டங்களைக் கோடி ஜன்னலுக்கு நேராக நிறுத்தி, நடுவில் விளக்கின் உயரத்தை நூலால் அளந்து வைத்தார் அண்ணன். வெளியே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது. பனிக்குள் வெளிச்சம் எந்த வழி போகிறது என்பது கண்ணுக்கே தெரியும். கூடு சரியாக இருந்தால் மேசைப் பலகை மாதிரி ஒரே தட்டாக, நேராகப் போக வேண்டும்.

ஏழு தட்டாகப் போயிற்று. ஒன்று மலையுச்சிப் பக்கம் ஏறியது. ஒன்று கீழே தேயிலைச் செடிமேல் விழுந்தது. மற்றவை விரித்த விசிறிபோல நடுவில் பிரிந்து நின்றன. நான் இரண்டுமுறை எண்ணினேன்.

லைன்களிலிருந்து ஜனங்கள் வந்து கூடிவிட்டார்கள். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த மலையில் யாரும் கண்டதில்லை. "ஏ, தேர் வந்த மாதிரில்லா இருக்கு" என்றாள் கொழுந்தெடுக்கிற கிழவி ஒருத்தி. பிள்ளைகள் வெளிச்சத்துக்குள் கையை நீட்டிப் பார்த்தார்கள். என் மனைவியும் பெண்களும் வந்திருந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் சந்தோஷம். டீமேக்கர் என் தோளைத் தட்டினார்.

"இவ்வளவு வெளிச்சம் வருது, நீங்க ரெண்டு பேரும் ஏன் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

அண்ணன் விளக்கை அணைத்தார். ஜனங்கள் இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்றார்கள். அவர் ஏற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"போர்ட் ஆபீசருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா, அண்ணாச்சி?"

"தெரியாது. அவரு படிச்சது துறைமுகச் சட்டம். கீழ நின்னு பார்த்தா நல்லாத்தான் எரியும்."

"பொருத்தி எரிச்சுக் காட்டினா போதும்னுதான சொன்னாரு?"

"போதும்னுதான் சொன்னாரு."

"அப்ப அனுப்பிருவோம். இன்னும் மூணு வாரம் இருக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மூச்சு மறுபடி இழுக்க ஆரம்பித்திருந்தது.

"கேளுடே. வள்ளத்துல இருக்கவன் கரை எவ்வளவு தூரம்னு வெளக்கை வச்சுத்தான் கணக்குப் பண்ணுதான். தெளிவா எரிஞ்சா கிட்ட வந்தாச்சும்பான். மங்கலா எரிஞ்சா இன்னும் தூரம் கெடக்கும்பான். முப்பத்தோரு வருஷமா அந்த வெளக்கு அவனுக்கு அப்படித்தான் சொல்லிருக்கு. இது கிட்டயும் மங்கலாத்தான் தெரியும். அவன் தூரம்னு நெனச்சுப் பாறைமேல கொண்டு ஏத்துவான்."

"கம்பத்து விளக்கு ஒண்ணு இருக்குல்லா?"

"ரெண்டு வெளக்கு ரெண்டு விதமாச் சொன்னா எதை நம்புவான்? பழகுனதத்தான் நம்புவான்."

"நீங்க எங்க இருப்பீங்க அப்ப?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. சமையல்கட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது, வழக்கம்போலப் பானையிடம்.

"அந்த அரிசிப் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளிப்போட்டா கட்டிலை நீட்டிப் போடலாம். காலை மடக்கிட்டே எத்தனை நாள் படுக்க."

பெட்டியை நானும் அண்ணனும் தள்ளினோம்.

ஓணம் வந்தது, போனது. செப்டம்பர் கடைசியில் போர்ட் ஆபீசர் ஒரு கார்டு போட்டார். கோபுரம் நான்கு நாளில் இறங்கிவிட்டது, குவார்ட்டர்ஸும் அதோடு போயிற்று, வருத்தம் என்று. அண்ணன் படித்துவிட்டு என்னிடம் தந்தார். நூற்றுப் பதினெட்டுப் படி. கட்ட மூன்று வருஷம் ஆனது என்று எங்கேயோ செதுக்கியிருந்ததாம். அந்தக் கல் கடல்சுவருக்குப் போனது. அந்தச் சுவரையும் ஏழாம் வருஷம் கடல் கொண்டுபோனது.

இப்போது எனக்கு எண்பத்து மூன்று. இந்த மாநிலத்தின் கலங்கரை விளக்கங்களைப் பாதுகாக்கப்போவதாகப் பேப்பரில் அடிக்கடி போடுகிறார்கள். போன வருஷம் பேரன் ஒன்றுக்குக் கூட்டிப்போனான். சிவப்பும் வெள்ளையுமாகப் புது பெயிண்ட். டிக்கெட். உச்சியில் விளக்கு இருந்த இடத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூடு எங்கே என்று கேட்டேன். டிக்கெட் கொடுத்த பையனுக்குக் கூடு என்றால் என்னவென்று தெரியவில்லை. கோபுரத்துச் சுவர் நின்றால் காப்பாற்றியதாகிவிடுகிறது. சுவருக்கு யார் விளக்கு வைத்தார்கள் என்று கேட்க ஆளில்லை. இதை யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். எழுதினாலும் அப்படித்தான் தலையாட்டுவார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் கூடு ஃபாக்டரி ஸ்டோரில் பதினோரு வருஷம் கிடந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம் புது மானேஜர் ஸ்டோரைக் காலி செய்தார். எங்கே போயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்து என்ன செய்ய.

அண்ணன் எங்களோடு இரண்டு வருஷம் மூன்று மாதம் இருந்தார். அவருக்குப் பென்ஷன் மாதம் இருபத்திரண்டு ரூபாய். கார்டு வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"எவ்வளவுடே ஆச்சு, எல்லாம் சேத்து?"

"ஒரு நூறு ரூபா இருக்கும், அண்ணாச்சி."

"நீ ஒருநாளும் ‘இருக்கும்’னு சொல்ல மாட்டியே. சரியாச் சொல்லு. கூடே நூத்திச் சொச்சம்னு சொன்ன மாதிரி இருந்துதே."

"ராவுத்தர் பாதிப் பணத்தை எங்கிட்டத் திருப்பித் தந்துட்டாரு. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னாரு. நூறுதான்."

அவர் நம்பினார். மாதம் ஐந்து ரூபாய் வீதம் இருபது மாதம் தந்து முடித்தார். வாங்காவிட்டால் அன்று சாப்பிட மாட்டார். கடைசி ஐந்து ரூபாயைத் தந்த நாலாம் மாதம், மழை விட்ட ஒரு காலையில், அதே கட்டிலில் மூச்சு நின்றது.

உள்ள கணக்கு நூற்றுத் தொண்ணூறு ரூபாய் எண்பத்திரண்டு நயா பைசா. அவர் தந்த நூறு போக, எனக்கு ஆனது தொண்ணூறு ரூபாய் எண்பத்திரண்டு நயா பைசா.